பைத்தான் கோடு எழுதி உருவாக்கிய வேர்டு கோப்பு திறக்கவில்லையா? உள்ளே போய்ப் பார்ப்போம்

மதுரை கீழமாசி வீதி மொத்த மளிகைக் கடைகளுக்குக் கணக்கு எழுதும் நண்பர் ஒருவருக்காக ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். எக்ஸெல் பட்டியலில் இருக்கும் கடைப் பெயரையும் தொகையையும் எடுத்து, ஒரு மாதிரிக் கடிதத்தில் செருகி, பாக்கிக் கடிதங்களாக டாக்எக்ஸில், அதாவது வேர்டு கோப்பாக, கொடுக்கும். 140 கடிதம் வந்தது. மூன்றை மட்டும் வேர்டு திறக்க மறுத்தது. படிக்க முடியாத உள்ளடக்கம் இருக்கிறது, மீட்கட்டுமா என்று கேட்டது.

அங்கே 'ஆம்' கொடுத்துவிடாதீர்கள். வேர்டு தானாக எதையாவது வெட்டி ஒட்டிவிடும், எது கெட்டது என்பது தெரியாமலே போய்விடும்.

முதல் வேலை, பொட்டலத்தைப் பிரிப்பது. டாக்எக்ஸ் என்பது ஒரு ஜிப் கோப்புதான், வேர்டு 2007 காலத்திலிருந்தே இப்படித்தான். கோப்பை ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் டாக்எக்ஸை ஜிப் என்று மாற்றி விரியுங்கள். உள்ளே 'வேர்டு' என்ற ஃபோல்டரில் 'டாக்குமென்ட்' என்று ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு (வாசகத்தைக் குறிச்சொற்களுக்கு நடுவே எழுதி வைக்கும் கோப்பு) இருக்கும். கடிதத்தின் முக்கிய வாசகம் அதில்தான்.

அடுத்து, அதை ஃபயர்பாக்ஸில் இழுத்துப் போடுங்கள். எக்ஸ்எம்எல் உடைந்திருந்தால் எத்தனையாவது வரி, எத்தனையாவது எழுத்து என்று சொல்லிவிடும். பெரும்பாலும் மொத்தக் கடிதமும் ஒரே வரியில் இருக்கும் என்பதால் எழுத்து எண்ணைத்தான் பார்க்க வேண்டும். எடிட்டரில் அந்த இடத்துக்குப் போங்கள். அங்கே ஒன்றும் தெரியாவிட்டால் கொஞ்சம் முன்னால் தேடுங்கள்.

எனக்கு முதல் கோப்பில் கிடைத்தது '& சன்ஸ்'. கீழமாசி வீதியில் '& சன்ஸ்', '& கோ', '& பிரதர்ஸ்' இல்லாத பட்டியல் ஏது? மற்றவர்கள் 'அன்ட்' என்று எழுத்தாலேயே எழுதியிருந்ததால் தப்பித்தார்கள். எக்ஸ்எம்எல்லில் & வந்தால் அது ஒரு குறியீட்டின் தொடக்கம். அதனால் & என்று காட்ட வேண்டுமானால், அதை ஒட்டி ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஏ, எம், பி, பிறகு அரைப்புள்ளி என்று எழுத வேண்டும். < குறிக்கும் இதே போல எல், டி உண்டு. கையால் மாற்றினால் &-ஐத்தான் முதலில் மாற்ற வேண்டும்; < முதலில் போனால், அது தந்த &-உம் மறுபடி மாறிவிடும். பைத்தானில் சாக்ஸ்யூட்டில்ஸில் இருக்கும் எஸ்கேப் ஃபங்ஷன் இதைச் சரியாகச் செய்யும். மாதிரிக் கடிதத்தை நிரப்ப டாக்எக்ஸ்டிபிஎல் என்ற பைத்தான் நூலகத்தைப் பயன்படுத்துபவர்கள் ரெண்டரில் ஆட்டோஎஸ்கேப்பை ட்ரூ என்று வைத்தால் போதும்.

இரண்டாவது கோப்பில்தான் திகைத்துப் போனேன். எக்ஸெல்லில் பார்த்தால் 'ஈஸ்வரன்', எந்தக் குறியும் இல்லை. ஆனால் அந்த வரி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது! பாமினியில் 'ஈ' என்று கண்ணுக்குத் தெரிவது கோப்பில் < என்ற குறி. இதற்கு எஸ்கேப் மட்டும் போதாது, கடிதத்தில் புரியாத எழுத்தாக வரும். பெயரை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

மூன்றாவதில் முகவரிக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து, அதன் குறியீட்டு எண் 11. வேறெங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டியபோது ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். 32-க்குக் கீழே உள்ள எழுத்துகளில் 9, 10, 13 மூன்றுக்கு மட்டுமே எக்ஸ்எம்எல் 1.0-இல் இடம். மற்றவற்றை எஸ்கேப் செய்தாலும் ஏற்காது, நீக்கத்தான் வேண்டும்.

ஃபயர்பாக்ஸ் பிழையே சொல்லவில்லை, வேர்டு மட்டும் மறுக்கிறது என்றால்? அப்போது எழுத்தில் இல்லை, அமைப்பில் கோளாறு. டேபிள் போட்டிருந்தால் முதலில் அதைப் பாருங்கள்: ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் குறைந்தது ஒரு பத்தி இருந்தாக வேண்டும், வெறும் கட்டமானாலும் சரி. படம் செருகியிருந்தால் அதன் அடையாள எண், எந்தப் படம் எங்கே என்று குறித்து வைக்கும் ரெல்ஸ் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

திருத்திய பிறகு மறுபடி ஜிப் செய்யும்போது ஒரு கவனம். வெளி ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்யாதீர்கள்; உள்ளே போய், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஜிப் செய்து, பெயரின் கடைசியை மறுபடி டாக்எக்ஸ் ஆக்குங்கள். நான் இதில் தவறி, சரியான கடிதத்தை வைத்துக்கொண்டு இன்னும் அரை மணி நேரம் பிழை தேடினேன்.