பழைய அப்ரைட் வேக்குவமா, புதியதா? உங்கள் கார்ப்பெட்டிலேயே ஓட்டிப் பாருங்கள்

பழைய அப்ரைட் (கைப்பிடியோடு நிமிர்ந்து நிற்கும், தள்ளி ஓட்டுகிற) வேக்குவம் கிளீனரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் பார்ப்பது வாட்ஸ் கணக்கைத்தான். அதை விட்டுவிடுங்கள். மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைத்தான் அது சொல்லும், கார்ப்பெட்டிலிருந்து எவ்வளவு மண் வெளியே வரும் என்பதை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014-இல் 1600 வாட், 2017-இல் 900 வாட் என்று உச்சவரம்பு போட்டார்கள். அதற்குள் அடங்குகிற நல்ல மெஷின்களும் கார்ப்பெட்டை ஒழுங்காகவே சுத்தம் செய்கின்றன.

கார்ப்பெட்டில் பாதி வேலையைச் செய்வது அடியில் சுழலும் பிரஷ் ரோலர். இழைகளின் அடிவரை இறங்கிவிட்ட மணலைக் காற்று மட்டும் மேலே கொண்டுவந்துவிடாது, இழையைத் தட்டிப் பிரித்து மண்ணைக் கிளப்பிவிட்டால்தான் காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். ஹூவர் நிறுவனம் 1926-இலேயே ரோலரில் உலோகப் பட்டைகளைப் பொருத்தி, கார்ப்பெட்டைத் தட்டிக்கொண்டே உறிஞ்சும் மெஷினை விற்றது. அந்த அடிப்படை இன்றும் மாறவில்லை.

மாறியது காற்று போகிற வழி. பழைய அப்ரைட்கள் பலவற்றில் மண்ணும் காற்றும் சேர்ந்து நேராக விசிறிக்குள் நுழைந்து, அது தள்ளுகிற வேகத்தில் பைக்குள் போய் விழும். வழி குறுகியது, வளைவு குறைவு, அதனால் கார்ப்பெட் மேல் ஏராளமான காற்று ஓடும். ஆனால் ஒரு நாணயமோ கூழாங்கல்லோ உள்ளே போனால் நேராக விசிறியில் அடிக்கும், பிளாஸ்டிக் விசிறி என்றால் இறக்கை உடையலாம். புதியவற்றில் பெரும்பாலும் மண் முதலில் பைக்கோ டப்பாவுக்கோ போய்விடும், வடிகட்டிய காற்றுதான் விசிறிக்கு வரும். ஹோஸை எடுத்து சோஃபா, படிக்கட்டு, மூலை எல்லாம் சுத்தம் செய்ய இதுதான் வசதி. பதிலுக்கு வழி நீளம், வளைவு அதிகம், அடைப்பும் அதிகம்.

சரி, ஒப்பிடுவதற்கு முன்னால் பழையதை அதன் நல்ல நிலைக்குக் கொண்டுவாருங்கள். தேய்ந்த பெல்ட்டோடு ஓடுகிற மெஷினைப் புதியதோடு நிறுத்திப் பார்ப்பது நியாயமே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்துப் போடுங்கள். ரோலரில் சுற்றியிருக்கும் முடியையும் நூலையும் கத்தரித்து எடுங்கள், இரண்டு முனைகளிலும் சுருண்டு கிடப்பதையும் சேர்த்து. அப்புறம் ஒரு தடித்த அட்டையை வாய்ப்பகுதியின் குறுக்கே, இரண்டு விளிம்புகளிலும் படியும்படி வைத்து, ரோலரைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். பிரஷ் முடிகள் அட்டையை உரச வேண்டும். உரசவில்லை என்றால் முடி தேய்ந்துவிட்டது, ரோலரை மாற்றும் காலம் வந்துவிட்டது. தட்டையான ரப்பர் பெல்ட் அறுந்தால்தான் போச்சு என்று நினைக்காதீர்கள். அது மெல்ல மெல்ல நீண்டு தளர்ந்துபோகும், மெஷினைத் தூக்கிப் பிடித்தால் ரோலர் ஜோராகச் சுற்றும், கார்ப்பெட்டைத் தொட்டதும் திணறும். தளர்ந்திருந்தால் புது பெல்ட், கூடவே புதுப் பை. பிறகு மெஷினை நிமிர்த்தி ஓடவிட்டு, வாய்ப்பகுதியின் உயரத்தை மேலேயிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக இறக்குங்கள், பிரஷ் இழையைத் தொடும்போது மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறும், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னும் இறக்கினால் கார்ப்பெட்டும் பெல்ட்டும்தான் தேயும்.

இப்போது சோதனை. ஒரே மாதிரி நடமாட்டம் உள்ள இடத்தை டேப் ஒட்டி இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் முதலில் பழையது, பின்பு புதியது. மறு பாதியில் முதலில் புதியது, பின்பு பழையது. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கையில், அவசரமில்லாமல் தள்ளி இழுங்கள். இரண்டாவதாக ஓடுகிற மெஷின் எப்போதும் ஏதாவது எடுக்கத்தான் செய்யும், அதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. ஒன்று விட்டுவைத்ததை மற்றொன்று எவ்வளவு எடுத்தது என்பதை இரண்டு பாதியிலும் தராசில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். பையோ டப்பாவோ பாதி நிறைந்த பிறகும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். வேக்குவம்களுக்கான ஐரோப்பிய மின்திறன் லேபிள் விதி 2018-இல் நீதிமன்றத்தில் ரத்தானதே, காலி மெஷினை வைத்துச் சோதித்தார்கள் என்ற காரணத்தால்தான்.

புதியது தெளிவாக முந்துவது வெளியே விடுகிற காற்றில். பழைய துணிப்பை நுண்ணிய தூசியை வீட்டுக்குள்ளேயே திருப்பி விடும். இருட்டறையில் மெஷினை ஓட்டி, காற்று வெளியேறும் இடத்தில் டார்ச் ஒளியைக் குறுக்கே அடித்துப் பாருங்கள், மிதக்கிற தூசி கண்ணுக்கே தெரியும். வீட்டில் ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்கள் இருந்தால் கார்ப்பெட்டில் பழையது எவ்வளவு நன்றாக உழைத்தாலும் நான் புதியதைத்தான் சொல்வேன். ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஆனால் உடற்பகுதி இடுக்குகளில் காற்று கசிந்தால் அந்த ஃபில்டரால் பயனில்லை, ஆகவே டார்ச்சை மூட்டுகளிலும் அடியுங்கள். பை இல்லாத டப்பாவை வெளியே கொண்டுபோய், ஒரு குப்பைப் பைக்குள் விட்டுக் கொட்டுங்கள், இல்லாவிட்டால் பிடித்த தூசி முழுதும் உங்கள் முகத்துக்கே வரும். கழுவக்கூடிய ஃபில்டரை ஒரு முழு நாளாவது உலர விட்டு, ஈரம் துளியும் இல்லை என்று தொட்டுப் பார்த்த பிறகே மாட்டுங்கள்.

மென்மையான, அடர்ந்த இழைக் கார்ப்பெட்டில் சில புதிய மெஷின்கள் தரையோடு ஒட்டிக்கொண்டு நகரவே மாட்டேன் என்னும். வாய்ப்பகுதியில் அல்லது கைப்பிடியில் காற்றுத் திறப்பு இருந்தால் திறந்துவிடுங்கள். அது இல்லாத, உயரமும் மாற்ற முடியாத மெஷினை அந்த மாதிரிக் கார்ப்பெட்டுக்கு வாங்க வேண்டாம். வளைய இழைக் கார்ப்பெட் என்றால் ரோலரைத் தனியாக நிறுத்தும் வசதி வேண்டும், இல்லையேல் இழை மாட்டி நூல் நூலாக உருவி வரும். பழைய மெஷின்கள் பலவற்றில் அந்த வசதி கிடையாது.

பழையதையே வைத்துக்கொள்வது என்று முடிவானால், மின்கம்பியைக் கைப்பிடியிலிருந்து பிளக் வரை விரலால் தடவிக்கொண்டே வாருங்கள் (பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான்). ரப்பர் உறை வெடித்தோ, தொட்டால் பொடிந்தோ இருந்தால் கம்பியை மாற்றும்வரை ஓட்டாதீர்கள். பெல்ட்டும் பையும் இன்னும் கிடைக்கின்றனவா என்று மாடல் எண்ணை வைத்து விசாரித்து, கிடைத்தால் நாலைந்து பெல்ட்டாக வாங்கி வைத்துவிடுங்கள்.