எடிட்டிங் தொடங்கும் முன்பே செய்துவிடும் தவறுகள்

போன வாரம் எடிட்டிங் கற்றுக்கொள்ளும் ஒரு தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தான். ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறந்தான், ஃபுட்டேஜை உள்ளே இழுத்துப் போட்டான், திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்து ஏதோ கேட்டது, என்ன கேட்கிறது என்று ஒரு வார்த்தைகூடப் படிக்காமல் 'டோன்ட் சேஞ்ச்' என்பதை அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடங்களுக்கு முன்னால் நானும் அதே பெட்டியில் அதே பொத்தானைத்தான் அழுத்தினேன்.

சேவ் பண்ண மறப்பது, ஒரே ஹார்ட் டிஸ்கை நம்பி இருப்பது மாதிரியான சங்கதிகளை இங்கே விட்டுவிடுகிறேன். அதெல்லாம் ஒரு தடவை பட்டால் ஜென்மத்துக்கும் மறக்காது. செய்யும்போது தவறு என்றே தெரியாதவை சில இருக்கின்றன, அவற்றைத்தான் சொல்லப் போகிறேன்.

எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்பது

பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பிரீமியர், ரிசால்வ், ஃபைனல் கட், ஆவிட் எல்லாவற்றிலும் வெட்டலாம், ஒட்டலாம். கேட்க வேண்டியது, உங்களுக்கு அப்புறம் இந்தப் படம் யார் கைக்குப் போகிறது என்பதை. சவுண்ட் செய்பவர் பெரும்பாலும் ஏஏஎஃப் (எடிட்டை வேறு சாஃப்ட்வேருக்குக் கொண்டுபோகும் ஃபைல்) கேட்பார், ஃபைனல் கட் அதை நேரடியாகத் தராது, இடையில் தனிக் கருவி ஒன்று வேண்டும். கலர் வேலை ரிசால்வில்தான் நடக்கப் போகிறது என்றால் எடிட்டையும் அங்கேயே வைத்துக்கொண்டால் ஒரு கைமாற்றம் மிச்சம். எல்லாம் நீங்களே செய்து யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால் கைக்குப் பழகியது எதுவோ அதுவே போதும்.

இலவச ரிசால்வை நம்பி இறங்குகிறவர்கள் ஒன்றை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அதில் 3840×2160-க்கு மேல் ரெண்டர் ஆகாது (வீடியோ ஃபைலாக வெளியே வராது), நாய்ஸ் ரிடக்‌ஷனும் கிடையாது. இருட்டில் புள்ளிபுள்ளியாக எடுத்துவிட்டு 'போஸ்ட்டில் சரி பண்ணிக்கலாம்' என்று வந்து நிற்பவர்களுக்குப் படத்தின் மேல் வாட்டர்மார்க் விழும்போதுதான் விஷயம் தெரிகிறது.

ஃபிரேம் ரேட்

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரேம் ரேட் என்றால் ஒரு வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கு. கேமரா மெனுவில் 24 என்று போட்டிருக்கும். பல கேமராக்களில் அது 24 இல்லை, 23.976. பழைய டிவி காலத்து மிச்சம் அது. அமெரிக்காவில் 1953-ல் கலர் ஒளிபரப்புக்கான தரத்தை ஏற்றபோது 30 என்பதை 29.97 ஆகக் குறைத்தார்கள், அதே 0.1 சதவீதக் குறைப்பு பின்னால் 24-க்கும் ஒட்டிக்கொண்டது. ரிசால்வில் புது புராஜெக்ட் திறந்தால் டைம்லைன் (கிளிப்களை அடுக்கி வெட்டும் பட்டை) 24-ல் நிற்கும். முதல் கிளிப் உள்ளே வரும்போது அந்தப் பெட்டி கேட்பது இதைத்தான்: கிளிப்பின் வேகம் வேறாக இருக்கிறது, புராஜெக்டை அதற்கேற்ப மாற்றட்டுமா? வேண்டாம் என்றால் மறுபேச்சு இல்லாமல் போய்விடும். அப்புறம் ஏறத்தாழ 42 வினாடிக்கு ஒரு தடவை ஒரே ஃபிரேமை இரண்டு முறை காட்டிக் கணக்கைச் சமாளித்துக்கொள்ளும். கேமரா மெதுவாகத் திரும்பும் ஷாட்டில் ஒரு சின்ன உதறல் தெரியும், அவ்வளவுதான். வசனக் காட்சியில் அதுவும் தெரியாது.

நான் வெட்டியது 22 நிமிடக் குறும்படம். 24 டைம்லைனிலேயே முழுப் படத்தையும் வெட்டி, பிக்சர் லாக் செய்து (இனி வெட்டு மாறாது என்று முடித்து), சவுண்ட் மிக்ஸ் செய்யும் அண்ணனுக்கு அனுப்பி, மிக்ஸும் வந்துவிட்டது. அதற்கிடையில் கலர் செய்தவர் ஃபுட்டேஜ் 23.976 என்று பார்த்துவிட்டு, வெட்டு விவரங்களைக் கொண்டுபோகும் எக்ஸ்எம்எல் ஃபைல் வழியாக எல்லாவற்றையும் 23.976 டைம்லைனில் அடுக்கிவிட்டார். அவர் செய்தது முறைப்படி சரி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஃபிரேம் எண்ணிக்கை மாறவில்லை, 31,680 அப்படியே இருந்தது. ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு துளி கூடுதலாகத் திரையில் நின்றது. மொத்தத்தில் படம் 1.32 வினாடி நீண்டுவிட்டது, மிக்ஸ் பழைய நீளத்திலேயே இருந்தது.

டைம்லைனில் படத்துக்குக் கீழே மிக்ஸை வைத்தேன். படமும் ஒலியும் பொருந்துகிறதா என்று பார்க்கத் தொடக்கத்தில் வைக்கும் பீப் அட்டகாசமாகப் பொருந்தியது. முதல் வசனமும் பொருந்தியது. சரி, முடிந்தது என்று எழுந்து போய்விட்டேன். மறுநாள் இயக்குநருடன் உட்கார்ந்து பார்க்கும்போது பதினைந்தாவது நிமிடத்தில் நாயகியின் உதடு அசையும் முன்னே குரல் வந்துவிட்டது. க்ளைமாக்ஸில் கதவு மூடும் சத்தம் கேட்டு ஒரு வினாடி கழித்துக் கதவு மூடுகிறது.

என் மேல் தவறு இருக்கும் என்று தோன்றவே இல்லை. மிக்ஸ் செய்த அண்ணனிடம் போனில் சத்தம் போட்டேன். அப்புறம் வீராப்பாக நானே சரி பண்ணுகிறேன் என்று, ஆடியோவை மௌனம் வரும் இடங்களில் வெட்டி, ஒவ்வொரு துண்டாக ஐந்து ஃபிரேம், எட்டு ஃபிரேம் என்று தள்ளினேன். இரண்டு ராத்திரி. இசை ஓடும் இடத்தில் வெட்டினால் ஒட்டு கேட்கும், வெட்டாவிட்டால் உதடு விலகும். மூன்றாம் நாள் வெட்கத்தை விட்டு மறுபடியும் அவருக்கே போன் செய்தேன்.

"தம்பி, கடைசியில எவ்வளவு விலகுது?"

"ஒண்ணே கால் செகண்டுக்கு மேல இருக்கும்ணே."

"முதல்ல கரெக்டா இருக்கா?"

"இருக்கு."

"முழு ஆடியோவையும் 99.9 சதவீத வேகத்துல ஓட்டு." வைத்துவிட்டார்.

ஒரே எண். ஒரு நிமிட வேலை. சுருதி அவ்வளவு குறைவது எந்தக் காதுக்கும் தெரியாது. எல்லா இடமும் பொருந்தியது, நான் இரண்டு ராத்திரி வெட்டிய துண்டுகளையெல்லாம் அள்ளிக் குப்பையில் போட்டேன்.

ஆகவே, முதல் கிளிப்பை உள்ளே இழுக்கும் முன்பு மீடியாஇன்ஃபோ மாதிரி ஒன்றில் ஃபைலைத் திறந்து உண்மையான ஃபிரேம் ரேட்டைப் பாருங்கள். படம் எங்கே போகிறது என்று கேளுங்கள். 25-ல் ஒளிபரப்பும் டிவிக்கா, 24-ல் ஓடும் தியேட்டருக்கா, இணையத்துக்கா? இணையம் என்றால் எடுத்தது எதுவோ அதுவே இருக்கட்டும். புராஜெக்டில் மீடியா வந்துவிட்டால் ரிசால்வில் ஃபிரேம் ரேட் அமைப்பு பூட்டிக்கொள்ளும். வேறு வேகத்தில் தனி டைம்லைன் திறக்கலாம், ஆனால் வெட்டி முடித்த டைம்லைனை மாற்ற முடியாது.

அப்புறம் அந்த பீப். படத்தின் முதல் ஃபிரேமுக்குச் சரியாக 2 வினாடி முன்னால், ஒரே ஒரு ஃபிரேம் நீளத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி. எல்லோரும் தலையில் வைக்கிறார்கள். கடைசி ஃபிரேமுக்கு 2 வினாடி கழித்து வாலிலும் ஒன்று வையுங்கள். நான் வைத்திருந்தால் மிக்ஸ் வந்த அன்றே, முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்.

மொபைலும் ஸ்கிரீன் ரெக்கார்டரும்

இவை தரும் வீடியோவில் ஃபிரேம் ரேட் நிலையாக இருக்காது. 30 என்று சொல்லிக்கொண்டு வெளிச்சம் குறைந்தால் ஒரு வேகம், கூடினால் ஒரு வேகம் என்று ஓடும். மேலே சொன்ன விலகலாவது நேர்கோட்டில் போகும், 99.9 போட்டு மீட்கலாம். இது கோணல்மாணலாக விலகும், ஒரே எண்ணில் சரியாகாது. மீடியாஇன்ஃபோவில் 'வேரியபிள்' என்று இருந்தால் எடிட்டுக்கு முன்பே ஷட்டர் என்கோடர், ஹேண்ட்பிரேக் போன்ற ஒன்றில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். பாதி வெட்டியபின் மாற்றினால் வெட்டிய இடங்கள் நகர்ந்துவிடும்.

ஃபைல் சின்னது, அதனால் லேசானது என்று நினைப்பது

எச்.264 என்ற வீடியோ சுருக்கும் முறையில் பெரும்பாலான ஃபிரேம்கள் முழுப் படமாக இருப்பதில்லை. முன்னும் பின்னும் இருப்பவற்றிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புதான் இருக்கும். நடுவில் ஒரு இடத்தைத் தொட்டால் கணினி பின்னால் ஓடி ஒரு முழு ஃபிரேமைப் பிடித்து, அங்கிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும். சின்ன ஃபைல் திக்கித் திணறுவதும், ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக வைத்திருக்கும், பத்து மடங்கு பெரிய புரோரெஸ் ஃபைல் வெண்ணெய் மாதிரி ஓடுவதும் இதனால்தான். இது தெரியாமல் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்புகிறவர்கள் நிறைய.

எச்டியில், 25 ஃபிரேமில், புரோரெஸ் 422 ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 55 ஜிபி பிடிக்கும். பயமாக இருந்தால் புராக்ஸி (வெட்டுவதற்கு மட்டும் ஒரு லேசான நகல்) செய்துகொள்ளுங்கள், அது சுமார் 17 ஜிபிதான். புராக்ஸியின் ஃபிரேம் ரேட்டும் ஆடியோ சேனல் எண்ணிக்கையும் மூல ஃபைலோடு ஒத்திருக்க வேண்டும். சேனல் ஒத்துப்போகாவிட்டால் பிரீமியர் இணைக்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

பாதி வேலையில் அப்டேட்

கூடாது. புதிய பதிப்பில் திறந்து சேவ் செய்த புராஜெக்ட் பழையதற்குத் திரும்பாது.

44.1 கிலோஹெர்ட்ஸ்

ஆடியோவின் சாம்பிள் ரேட் இது. வீடியோவுக்கு 48.

மேக்கில் வெளுத்துப் போவது

எக்ஸ்போர்ட் செய்த ஃபைலை குயிக்டைமில் திறந்தால் வெளுத்துத் தெரியும், அதே ஃபைல் விஎல்சியில் வேறு மாதிரி. பதறிப் போய் கான்ட்ராஸ்டை ஏற்றி மறுபடி எக்ஸ்போர்ட் செய்கிறார்கள், டிவியில் போட்டுப் பார்த்தால் கறுப்பெல்லாம் மை அப்பியது மாதிரி இருக்கும். ஃபைலில் கோளாறு இல்லை. ரெக்.709 (எச்டி வீடியோவின் நிறத் தரம்) என்ற குறியைப் பார்த்து மேக் காட்டும் காமாவும் (வெளிச்சமும் இருட்டும் எப்படித் தெரியும் என்ற அளவு), நீங்கள் கிரேட் செய்த (கலர் சரிசெய்த) மானிட்டரின் 2.4 காமாவும் ஒன்றில்லை. வேறு இரண்டு திரையில் பார்க்காமல் கிரேடைத் தொடாதீர்கள்.

டைம்லைனைப் பார்த்துவிட்டு ஃபைலை அனுப்புவது

ரெண்டர் ஆகி வந்த ஃபைலையே பாருங்கள். முழுதாகப் பார்க்க நேரமில்லையா, கடைசி இரண்டு நிமிடத்திலிருந்து ஆரம்பியுங்கள். சிங்க் விலகியிருந்தால் அங்கேதான் அதிகமாகத் தெரியும். அந்தத் தம்பியையும் அன்று அதைத்தான் செய்ய வைத்தேன், அவன் முந்தைய வாரம் அனுப்பிய ஒரு திருமண வீடியோவில்.

பார்த்துவிட்டு எதுவும் பேசவில்லை, ஆடியோவை எடுத்து 99.9 போட்டான்.