ஃப்ளாக் பாட்டுக்கு மலிவான பிளேயர் வாங்கும் முன்

ஃப்ளாக் என்பது ஒலித் தரம் குறையாமல் சுருக்கிய பாட்டுக் கோப்பு வகை. அதை வாசிக்கும் பிளேயரின் பெட்டியில் 'ஹை-ரெஸ்' (சிடியைவிட உயர்ந்த தரம்) என்று பளபளக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். சிடி தரம் என்பதே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். அதை ஒழுங்காக வாசித்தாலே காதுக்குப் போதும். ஹை-ரெஸ்ஸின் 192 கிலோஹெர்ட்ஸுக்குக் கூடுதல் காசு கொடுப்பது என் பார்வையில் வீண்.

முதலில் பார்க்க வேண்டியது மெமரி கார்டு போடும் இடம். நான்கு நிமிடப் பாட்டு ஃப்ளாக்கில் சுமார் 25 முதல் 30 எம்பி வரும். உள்ளே வெறும் 16 ஜிபி என்றால் ஐந்நூறு, அறுநூறு பாட்டோடு நிரம்பிவிடும். 128 ஜிபி கார்டு ஏற்கும் கருவி என்றால் நாலாயிரம் தாண்டும்.

அப்புறம், கடைக்குப் போகும்போது உங்கள் பாட்டுகளை ஒரு கார்டில் போட்டு எடுத்துப் போங்கள். தமிழில் பெயரிட்ட கோப்புகள் சில மலிவுக் கருவிகளில் வெறும் கட்டங்களாகத் தெரியும். இடைவெளி இல்லாமல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். கச்சேரிப் பதிவில் ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கும் இடத்தில் அரை நொடி அறுந்தால் எரிச்சலாக இருக்கும். ஐடியூன்ஸில் சேர்த்த ஏலாக் (ஃப்ளாக் போலவே தரம் குறையாத ஆப்பிளின் வகை) கோப்புகள் இருந்தால் அவையும் ஓட வேண்டும்.

புளூடூத்தில் கேட்பவர்களுக்கு இவ்வளவு மெனக்கெடல் வேண்டாம். புளூடூத் ஒலியை அனுப்பப் பயன்படுத்தும் எஸ்பிசி, ஏஏசி முறைகள் இரண்டுமே தரத்தைக் கொஞ்சம் இழந்து குறுக்கித்தான் அனுப்பும். ஃப்ளாக்கின் தரம் வேண்டுமானால் கம்பி ஹெட்போன்தான் சரி. போனில் இடம் இருந்தால், பிளேயருக்குப் பதில் டைப்-சி டாக் (DAC, டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் சிறு கருவி) ஒன்றைச் செருகியே பார்த்துவிடலாம்.