பென்ஷன் சீர்திருத்தம்: செட்டிநாட்டிலிருந்து பார்த்தால் தெரியும் தவறுகள்

காரைக்குடியில் பென்ஷன் என்று பேச்செடுத்தால் அரசு ஊழியர்களுக்கு அரசே முழுப் பணமும் தரும் பழைய திட்டமா, ஊழியரும் அரசும் மாதாமாதம் பங்கு கட்டும் புதிய திட்டமா என்பதிலேயே சுற்றிச் சுற்றி வரும். 2003 ஏப்ரல் 1-லிருந்து தமிழக அரசு வேலையில் சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு மாற்றியதிலிருந்து ஓடும் வாதம் அது. நியாயமான வாதம்தான். ஆனால் ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிறவரும், வீட்டுத் திண்ணையில் ஓலைக் கொட்டான் முடைகிற பெண்ணும், கல்யாணச் சமையலுக்குப் போகிறவரும் அந்த வாதத்திலேயே இல்லை. மாதச் சம்பளக்காரர்களை மட்டும் மனதில் வைத்துத் திட்டம் தீட்டுவது முதல் தவறு. சிலி நாடு 1981-ல் ஆளுக்கொரு தனிக் கணக்கு, சம்பளத்தில் 10 சதவீதம் என்று மாற்றியது. விட்டுவிட்டு வேலை பார்த்தவர்கள் கணக்கில் பணமே சேரவில்லை. கடைசியில் 2008-ல் அரசு வரிப்பணத்திலிருந்து அடிப்படை ஓய்வூதியம் தர வேண்டியதாயிற்று.

அடுத்தது, தொகையை ஒருமுறை நிர்ணயித்துவிட்டு மறந்துவிடுவது. இதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். முதியோர் ஓய்வூதியத்தில் 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 2007-லும் 200 ரூபாய், அப்புறமும் அதே 200. மாநிலம் தன் பணத்தைப் போட்டு 2023-ல் 1,200 ஆக்கியது. இ.பி.எஃப்., அதாவது தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி வழியாக வரும் ஓய்வூதியத்தின் குறைந்தபட்சம் 2014-ல் 1,000 ஆனது; பத்து வருஷம் கழித்தும் அதே ஆயிரம். யாரும் சேரக்கூடிய மத்திய அரசின் அடல் பென்ஷன் திட்டத்தில் 18 வயதில் மாதம் 210 ரூபாய் கட்ட ஆரம்பித்தால் 60-ல் 5,000 வரும். விலைவாசி வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறினால், அன்றைய 5,000 இன்றைய 650 ரூபாய்க்குச் சமம். மாத்திரை வாங்கக் காணுமா? செலவு குறைகிறதே என்று நிதித்துறைக்கு நிம்மதியாக இருக்கலாம். அந்தப் பற்றாக்குறையைச் சுமப்பது மகனும் மகளும். அவர்களும் வெளியூரில். ஆளில்லாத பெரிய வீடுகளில் வயதானவர்கள் மட்டும் இருப்பது இங்கே தெருவுக்குத் தெரு பார்க்கிற காட்சி.

பாதியில் பணத்தை எடுக்க வழி திறந்துவிடுவதும் அப்படித்தான். தேவகோட்டைப் பையன் திருப்பூரில் மூன்று வருஷம், கோவையில் நான்கு வருஷம் வேலை பார்க்கிறான். வேலையை விடும் ஒவ்வொரு முறையும் 10சி படிவம் போட்டு இ.பி.எஃப். பென்ஷன் பணத்தை எடுத்துவிடுகிறான். சர்வீஸ் மறுபடி பூஜ்யம். பத்து வருஷம் சேராவிட்டால் மாத ஓய்வூதியம் கிடையாது. பணத்தை எடுக்காமல், பார்த்த சர்வீஸுக்குச் சான்றாக ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்திருந்தால் அந்த ஏழு வருஷமும் கணக்கில் நின்றிருக்கும். பென்ஷனுக்குக் கணக்கிடும் சம்பளத்தின் உச்சவரம்பான 15,000 ரூபாயில் 20 வருஷம் முடித்தால், கூடுதலாகச் சேர்க்கும் 2 வருஷத்தோடு 15,000 பெருக்கல் 22, வகுத்தல் 70, மாதம் 4,714. பெரிய தொகை இல்லை, ஆனாலும் சாகும்வரை வரும்.

இன்னொரு தவறு கணக்கு எழுதுவதில். செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் ஐந்தொகை (வரவு, கடன், சொத்தெல்லாம் சேர்த்த மொத்தக் கணக்கு) எடுக்கும்போது கொடுக்க வேண்டிய கடனையும் எழுதுவார்கள். பழைய திட்டத்துக்குத் திரும்புகிற மாநில அரசோ தன் பங்கைக் கட்டுவதை நிறுத்துவதால் முதல் சில வருஷங்கள் லாபம்போலவே தெரியும். இன்று சேர்கிறவர் முப்பது வருஷம் கழித்து ஓய்வு பெறும்போதுதான் கடன் வெளியே வரும். தமிழ்நாட்டிலோ ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.4 அளவுக்கு இறங்கிவிட்டது. அன்றைக்கு வரி கட்ட ஆள் குறைவு. உறுதியான ஓய்வூதியம் கொடுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கான நிதியை இன்றே ஒதுக்கிவிட்டுக் கொடுக்கட்டும்.

ஓய்வு வயதை எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏற்றுவதும் வேண்டாம். மேஜை வேலைக்காரருக்கு 62 என்றால் சரி. ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் அச்சு வைத்து, வண்ணச் சிமென்ட்டை ஊற்றி, குனிந்தபடியே நாள் முழுக்கக் கல் போடுகிறவருக்கு ஐம்பதைத் தாண்டும்போதே இடுப்பு போய்விடும். பதினாறு வயதில் வேலைக்கு வந்தவர் அவர். வயதை மட்டும் பார்க்காமல், எத்தனை வருஷம் உழைத்தார், என்ன வேலை செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் அவருக்கு ஓய்வு நாளைக் குறிக்க வேண்டும்.