பிக்கப்பில் பிரேக் பெடல் உதைத்தால் செய்யக் கூடாதவை

போன வாரம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன், பிரேக் பிடித்தால் பெடல் காலை உதைக்கிறது என்று வந்த ஒரு பிக்கப்பை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். இறங்கும்போதே, "அண்ணே, டிஸ்க் கோட்டம். மாத்திரலாம்" என்றான். டிஸ்க் என்றால் சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் தட்டு. இன்னும் வீலைக்கூடக் கழற்றவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் அச்சு அசலாக இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பேடு தேய்ந்திருக்கிறதா, பிரேக் ஆயில் இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

முன்னாலா பின்னாலா என்று பார்க்காமல் ஜாக்கி போடுவது

பெரும்பாலான பிக்கப்பில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், அதாவது உள்ளிருந்து பிரேக் பிடிக்கும் கிண்ணம். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங்கும் சேர்ந்து ஆடினால் முதலில் முன்பக்கத்தைப் பாருங்கள். கை சும்மா இருக்க, சீட்டுக்கு அடியில் அதிர்ந்தால் பின்பக்கம். சந்தேகமாக இருந்தால், ஆளில்லாத காய்ந்த ரோட்டில், லோடு இல்லாமல், 40 வேகத்தில் போய்க் காலை எடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கைப் பட்டனை அழுத்தியபடியே மெல்ல இழுங்கள். வண்டி விட்டு விட்டு இழுத்தால் டிரம்தான் வட்டம் தப்பியிருக்கிறது. ஹேண்ட் பிரேக் பின் டிரம்மில் பிடிக்கிற வண்டிக்குத்தான் இந்தச் சோதனை.

ஏபிஎஸ் வேலை செய்வதை டிஸ்க் உதை என்று நினைப்பது

டிஸ்க்கால் வரும் உதை சக்கரத்தோடு சேர்ந்தே வரும். வேகம் குறையக் குறைய உதையும் இடைவெளி விட்டு, கடைசியில் ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்கு ஆகிவிடும். ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும் அமைப்பு, அப்படி இல்லை. கடகடவென்று அடிக்கும், பானட்டுக்குள் மோட்டார் சத்தமும் கேட்கும். காய்ந்த ரோட்டில் மெதுவாகப் பிரேக் பிடித்து, நிற்கப் போகிற கடைசி நேரத்தில் மட்டும் அடித்தால் வீல் சென்சாரைப் பாருங்கள். அதன் முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும், இல்லையென்றால் அதற்கு எதிரே இருக்கும் வளையம் விரிசல் விட்டிருக்கும். காலி மைதானத்தில் ஏபிஎஸ் பியூஸைப் பிடுங்கிவிட்டு ஒரு ரவுண்டு போனால் தெரிந்துவிடும். பியூஸைத் திரும்பப் போட மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்து, சட்டைப் பையிலேயே வீட்டுக்குக் கொண்டு போய்விட்டேன்.

ஹப்பைத் துடைக்காமல் புது டிஸ்க் போடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் இறக்குகிற ஒரு பிக்கப். குன்னூரிலிருந்து மட்டுமே சுமார் 1,400 மீட்டர் இறக்கம், அதுவும் முழு லோடோடு. பெடல் உதைக்கிறது என்று வந்தார். புது டிஸ்க் இரண்டும், பேடும் போட்டேன். வெண்ணெய் மாதிரி பிடித்தது. இரண்டு மாதம் கூட ஆகவில்லை, திரும்ப வந்து நின்றார். "மறுபடியும் உதைக்குதுங்க தம்பி." உங்கள் டிரைவர் மலையில் பிரேக்கிலேயே நின்று டிஸ்க்கைச் சூடாக்கி வளைத்துவிட்டார் என்று அவர் மேலேயே பழியைப் போட்டு, இன்னொரு செட் மாற்றினேன். அதுவும் அதே கதை. மூன்றாவது தடவை அவர் ஒன்றும் கேட்கவில்லை, சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். பக்கத்துப் பட்டறைப் பெரியவர்தான் வந்து பார்த்தார். டிஸ்க்கைக் கழற்றச் சொல்லி, அது உட்காரும் ஹப் முகத்தில் நகத்தால் சுரண்டினார். செதில் மாதிரி துரு உதிர்ந்தது.

சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது என்று நாம் சொல்வது பெரும்பாலும் கதை. நடப்பது வேறு. ஹப் ஓரத்தில் 0.05 மி.மீ. கனத்துக்கு ஒரு துருப் பொருக்கு இருந்தால் டிஸ்க் அந்த அளவு சாய்ந்து உட்காரும். ஹப் விட்டம் 140, பேடு உரசும் இடத்தின் விட்டம் 260 என்று வைத்துக்கொண்டால், அங்கே அது 0.09 ஆகிவிடும். அன்றைக்கு ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் தன் ஸ்லைடு பின்னில் நகர்ந்து ஈடுகொடுத்துவிடும். ஆனால் பிரேக்கில் கால் வைக்காதபோதும் அந்தத் தள்ளிய இடம் சுற்றுக்கு ஒரு தடவை பேடைத் தொட்டுவிட்டுப் போகிறது. பிக்கப் டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 சுற்று சுற்றும். 5,000 கிலோமீட்டர் ஓடினால் 22 லட்சம் உரசல், எல்லாம் அதே இடத்தில். அந்த இடம் மெலிந்துவிடும். கனத்தில் 0.02 வித்தியாசம் வந்தாலே காலுக்குத் தெரியும். பிரேக்கை அழுத்தியிருக்கும்போது கனமான இடம் வந்தால் பிஸ்டனைப் பின்னால் தள்ளும், ஆயில் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் திரும்பும், பெடல் மேலே வரும். மெலிந்த இடம் வந்தால் இறங்கும். இதுதான் உதை. நல்ல டிஸ்க்கை நானே மாட்டி, நானே கெடுத்திருக்கிறேன்.

அதனால் இப்போது டிஸ்க் எதுவானாலும் முதலில் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ் போட்டு, எமரியால் தேய்த்து, வீல் போல்ட்டைச் சுற்றிலும் சுத்தம் செய்கிறோம். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அதை முதலில் சரி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அளக்கிற அளவே பொய். அப்புறம் டிஸ்க்கை மாட்டி, வாஷர் வைத்து எல்லா நட்டையும் இறுக்கி, நூலிழை ஆட்டத்தையும் காட்டும் டயல் கேஜை, ஹப்பைத் தாங்கும் சுற்றாத நக்கிளில் நிறுத்தி, டிஸ்க் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே முனையை வைத்துச் சுற்ற வேண்டும். 0.05க்குள் இருந்தால் நிம்மதி. கூடினால் டிஸ்க்கை ஒரு போல்ட் தள்ளிப் போட்டு மறுபடி பாருங்கள், பல தடவை அதிலேயே சரியாகிவிடும். லேத்தில் கடைந்து வந்த டிஸ்க்குக்கும் இதே சோதனை உண்டு. லேத்தில் நேராக ஓடியது, துருப்பிடித்த ஹப்பில் நேராக ஓடாது.

வெர்னியரில் கனம் பார்ப்பது

வெர்னியர் வைத்தால் டிஸ்க்கின் விளிம்புத் துருவைத்தான் அளப்பீர்கள். மைக்ரோமீட்டரில், எட்டு இடத்தில் பாருங்கள்.

ஏர் கன்

வீல் நட்டை ஏர் கன்னிலேயே இறுக்கி முடிக்காதீர்கள். கடைசி இறுக்கு, அளவோடு இறுக்கும் டார்க் ரெஞ்சில், எதிரெதிர் நட்டாக.

சூடான டிஸ்க்கை அழுத்திப் பிடித்து நிற்பது

இது டிரைவர்களுக்கு. மலை இறங்கிக் கல்லாறில் டீக்கு நிறுத்தும்போது, கொதிக்கிற டிஸ்க்கில் பேடை அழுத்தியபடியே நின்றால் பேடின் உரசும் பொருள் அச்சு மாதிரி அங்கே ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, டயருக்குக் கல் வைத்துவிட்டுக் காலை எடுங்கள்.

சரி, அந்தப் பையன் விஷயம். டயல் கேஜைக் கையில் கொடுத்தேன். 0.11 காட்டியது. ஹப்பைத் தேய்த்து மாட்டினபின் 0.03. ஆனால் டிஸ்க் ஏற்கனவே ஒரு பக்கம் மெலிந்துவிட்டது, அதை லேத்துக்கு அனுப்பியிருக்கிறோம். டிஸ்க்கில் அச்சடித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்கு மேல் இன்னும் ஒரு மில்லி இருக்கிறது.