கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர்களுக்கு (சி.ஐ.) வகுப்பு எடுப்பவர் ஆவது எப்படி? அமெரிக்காவில் உள்ள பிசியோதெரபிஸ்ட்களுக்கு

"அங்கே உனக்கு என்ன வேலை?" என்று ஊரிலிருந்து யாராவது கேட்டால் எனக்குக் கொஞ்சம் திணறிவிடும். பக்கவாதம் வந்தவர்களுக்கு நடை பழக்குகிறேன் என்றால் உடனே புரிந்துவிடுகிறது. நடை பழக்க வரும் மாணவர்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாலும் தலையாட்டுவார்கள். அந்த மாணவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன் என்று சொல்லும்போதுதான் புருவம் உயரும். "இதற்குமா ஆள் வேண்டும்?"

வேண்டும். அமெரிக்காவில் பிசியோதெரபி முனைவர் பட்டத்தை முடிக்க, மாணவர் குறைந்தது 30 வாரமாவது முழுநேரமாக மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ இருந்து பழக வேண்டும். அந்த வாரங்களில் அவர் ஒரு பிசியோதெரபிஸ்டின் பொறுப்பில் இருப்பார். அந்தப் பிசியோதெரபிஸ்டைத்தான் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர், சுருக்கமாக சி.ஐ., என்கிறோம். நல்ல பிசியோதெரபிஸ்ட் நல்ல ஆசிரியராகவும் இருப்பார் என்று சொல்ல முடியாதல்லவா? அதனால் அமெரிக்கன் பிசிகல் தெரபி அசோசியேஷன் 1990களின் இறுதியிலிருந்து சி.ஐ.க்களுக்கென்று ஒரு சான்றிதழ் வகுப்பு நடத்துகிறது. அந்த வகுப்பை நடத்தும் தகுதி பெற்றவரே டிரெய்னர். அந்த இடத்துக்குப் போகும் வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

படி 1: உரிமமும் ஓராண்டு வேலையும்

இந்தியாவில் படித்தவர்களுக்கு இந்தப் பகுதி மனப்பாடமாகத் தெரியும்: படிப்பை மதிப்பிடச் செய்வது, தேசியத் தேர்வு எழுதுவது, மாநில உரிமம் வாங்குவது. உரிமம் கிடைத்தபின் குறைந்தது ஓராண்டு முழுநேர அனுபவம் இல்லாமல் யாரும் சி.ஐ. ஆக முடியாது. அந்த ஓராண்டை அவசரமாகக் கழிக்காதீர்கள். சொந்தக் கையில் இன்னும் படியாத ஒன்றை அடுத்தவர் கைக்கு மாற்ற முடியாது.

படி 2: மாணவர்களை எடுத்துக்கொள்ளுங்கள், தடுமாறும் மாணவரையும்

உங்கள் மருத்துவமனையில் மாணவர் பயிற்சியை ஒருங்கிணைப்பவர் ஒருவர் இருப்பார். அவரிடம் போய், "எனக்கும் மாணவரைக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் இதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. முதல் இரண்டு வாரம் வேலை கூடும். பிறகுதான் கொஞ்சம் குறையும்.

சான்றிதழ் வகுப்பை முதல் மாணவர் வருவதற்கு முன்பே முடித்துவிடுகிறவர்களும் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் டிரெய்னர் ஆக விரும்புகிறவருக்கு, சிரமப்பட்ட மாணவர் ஒருவரோடாவது பழகிய அனுபவம் வேண்டும். எல்லாம் தானாகச் செய்துகொள்ளும் கெட்டிக்கார மாணவர்களை மட்டும் பார்த்தவருக்கு வகுப்பில் சொல்ல ஒன்றுமே இருக்காது. வகுப்புக்கு வருகிறவர்கள் கேட்பதெல்லாம் தடுமாறும் மாணவரைப் பற்றித்தான்.

படி 3: முதல் நிலைச் சான்றிதழ்

வகுப்பில் பேசப்படுபவை: மாணவர் வருவதற்கு முன் என்ன தயார் செய்வது, வாராவாரம் எப்படித் திட்டமிடுவது, எப்படிக் கேள்வி கேட்பது, குறையை எப்படிச் சொல்வது, எப்படி மதிப்பிடுவது, சட்டம் என்ன சொல்கிறது. சட்டப் பகுதியில் இரண்டைக் கவனமாகப் படியுங்கள். 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி மாணவரின் கல்விப் பதிவுகளை விருப்பம்போல் வெளியே பேச முடியாது. 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, தன் குறைபாட்டைச் சொல்வதும் சொல்லாமலிருப்பதும் மாணவரின் விருப்பம். நீங்களாகத் துருவிக் கேட்கக் கூடாது.

பணம் பற்றிய கேள்வி கட்டாயம் வரும். மெடிகேர் பார்ட் பி (முக்கியமாக மூத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் வெளிநோயாளிச் சிகிச்சைக்கான பகுதி) நோயாளிக்கு மாணவர் சிகிச்சை தரும்போது பில் போட வேண்டுமானால், சி.ஐ. அதே அறையில் இருந்து வழிநடத்த வேண்டும். அந்த நேரத்தில் வேறு நோயாளியைப் பார்க்கக் கூடாது. இதை முதலிலேயே தெரிந்துகொள்ளாதவர்கள் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் நிலையை முடித்தவர்களுக்கு இரண்டாம் நிலை வகுப்பும் உண்டு.

படி 4: பார்த்ததை எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்

எல்லாப் படிகளிலும் எனக்கு முக்கியமானது இதுதான். ஒரு காட்சியைச் சொல்கிறேன். மாணவி ஒருவர் நோயாளியைப் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுகிறார். நோயாளியின் இடுப்பில், விழாமல் பிடித்துக்கொள்வதற்கான கெய்ட் பெல்ட் கட்டியாயிற்று, காலணி போட்டாயிற்று. நாற்காலியின் வலது பிரேக் போட்டிருக்கிறது, இடது பிரேக் போடவில்லை. நோயாளி எழும் நேரம், சி.ஐ. கையை நீட்டித் தடுத்துவிடுகிறார். அன்று மாலை குறிப்பேட்டில் அந்த சி.ஐ. எழுதியது: "மாணவிக்குக் கவனம் போதாது. பாதுகாப்பு உணர்வு இல்லை."

இப்படி எழுதினால் மாணவி அழுவார், இல்லாவிட்டால் எதிர்த்துப் பேசுவார். இரண்டிலும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "காலை 10.15. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றம். பெல்ட், காலணி சரி. இடது பிரேக் போடாமல் நோயாளியை எழச் சொன்னார். நான் கையால் தடுத்தேன். இந்த வாரம் இது இரண்டாவது முறை. முதல் முறை செவ்வாய்க்கிழமை, வேறு நோயாளி." இதில் மாணவியின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அடுத்த வாரம் எதைத் திருத்த வேண்டும் என்பது அவருக்கும் தெரிகிறது, கல்லூரியிலிருந்து கேட்பவருக்கும் தெரிகிறது. கல்லூரியின் பயிற்சி இயக்குநரை அழைக்க வேண்டியதும் இப்போதுதான். கடைசி வாரம் வரை பொறுத்திருந்துவிட்டு, "ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்தான்" என்று சொல்லும் சி.ஐ.க்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நான் படித்த கல்லூரியில் குறையை நோயாளியின் முன்னால், வார்டே திரும்பிப் பார்க்கும் குரலில் சொல்வார்கள். அதில்தான் நாங்கள் வளர்ந்தோம் என்று பெருமை பேசுகிறவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பெருமை இல்லை. திட்டியவரின் முகம் இன்றும் கண்ணில் நிற்கிறது. எதற்குத் திட்டினார் என்பதுதான் மறந்துவிட்டது.

படி 5: மதிப்பீட்டுக் கருவியை விரல்நுனியில் வையுங்கள்

மாணவரை மதிப்பிடப் பெரும்பாலான கல்லூரிகள் கிளினிக்கல் பர்ஃபார்மன்ஸ் இன்ஸ்ட்ருமென்ட் என்னும் கருவியைப் பயன்படுத்துகின்றன. 1997இல் வந்தது, 2006இல் திருத்தப்பட்டது, 2023இல் மூன்றாம் பதிப்பு வந்தது. பழையதில் பிசியோதெரபி மாணவருக்கு 18 அளவுகோல்கள், புதியதில் 12. தொடக்க நிலையிலிருந்து, தனியாக வேலை பார்க்கத் தகுதியான என்ட்ரி லெவல், அதற்கும் மேல் என்று நிலைகள் இருக்கின்றன. இடைநிலை மாணவர் என்றால், எளிய நோயாளிகளிடம் பாதிக்கும் குறைவான நேரம் மேற்பார்வை போதும். சிக்கலான நோயாளிகளிடம் முக்கால்வாசி நேரம் வேண்டும். இவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருந்தும், "நல்ல பிள்ளை, நேரத்துக்கு வருகிறான்" என்று எல்லாவற்றிலும் ஒரு படி கூட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பழகுவதற்கு ஒரு வழி: சக ஊழியர் ஒருவரும் நீங்களும் ஒரே மாணவரைத் தனித்தனியே மதிப்பிடுங்கள். மதிப்பெண் வேறுபடும் இடத்தில், இருவரும் எதைப் பார்த்தீர்கள் என்று ஒப்பிடுங்கள். அந்தப் பேச்சுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும், வகுப்பு எடுக்கத் தேவையான பாதி விஷயம் கிடைத்துவிடும்.

படி 6: பதில் சொல்லாமல் இருக்கப் பழகுங்கள்

1992இல் குடும்ப மருத்துவத் துறையினர் எழுதிய ஒரு முறை எங்கள் துறையிலும் புழங்குகிறது. பெயர் ஒரு நிமிட ஆசிரியர். மாணவரிடம் முதலில், "உங்கள் முடிவு என்ன?" என்று கேட்பது, அடுத்து, "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?", பிறகு எங்கும் பொருந்தும் ஒரு விதியைச் சொல்வது, சரியாகச் செய்ததை எடுத்துச் சொல்வது, தவறைத் திருத்துவது. கடினமானது முதல் கேள்விதான். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க நமக்கு வராது. தோள் வலி என்று வந்தவருக்குக் கழுத்தைப் பரிசோதித்தாயா என்று நாமே எடுத்துக் கொடுத்துவிடுவோம். மாணவர் தலையாட்டிவிட்டுப் போவார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது கடைசிவரை தெரியாது.

இதை மருத்துவமனையின் மதிய உணவு நேர வகுப்புகளில் பழகலாம். இருபது நிமிடம் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, ஸ்லைடு இல்லாமல், மூன்றே கேள்விகளோடு நடத்திப் பாருங்கள். பெரியவர்களுக்கு வகுப்பு எடுத்த அனுபவம் டிரெய்னர் விண்ணப்பத்திலும் உதவும். அதனால் எந்தத் தேதியில் எந்தத் தலைப்பில் எத்தனை பேருக்கு எடுத்தீர்கள் என்று குறித்து வையுங்கள்.

படி 7: விண்ணப்பம்

டிரெய்னரைத் தேர்ந்தெடுப்பது அசோசியேஷன்தான். சி.ஐ. சான்றிதழ், அசோசியேஷன் உறுப்பினர் அட்டை, மாணவர்களோடு பணிபுரிந்த விவரம், கற்பித்த விவரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். நிபந்தனைகளும் கட்டணமும் அவ்வப்போது மாறும். நண்பர் சொன்னார் என்று போகாமல், விண்ணப்பிக்கும் வாரத்தில் அவர்களின் இணையதளத்தைப் பாருங்கள். தேர்வானால் டிரெய்னருக்கான பயிற்சி இருக்கும். பாடத்திட்டம் அவர்களுடையது. நீங்களாக வகுப்பை உருவாக்கப் போவதில்லை. உங்கள் அனுபவத்தை அதற்குள் பொருத்த வேண்டும். சொந்தச் சரக்கைக் கொட்ட நினைக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

என் முதல் வகுப்பு

அனுபவமுள்ள ஒருவரோடு சேர்ந்து நடத்தினேன். குறையை எப்படிச் சொல்வது என்னும் பகுதி என்னுடையது. நாற்பது நிமிடம். நன்றாகப் பேசியதாகத்தான் நினைத்திருந்தேன். முடிந்ததும் அவர் ஒரு தாளை நீட்டினார். நான் பேசிய நேரம் முப்பத்தொரு நிமிடம், மற்ற இருபது பேரும் சேர்ந்து பேசியது ஒன்பது நிமிடம் என்று அதில் எழுதியிருந்தது. வேறு ஒரு சொல்லும் இல்லை. நான்காம் படியில் சொன்ன பாடத்தை அன்று நானே படித்தேன்.

இப்போது என் மேசையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். கேள்வி கேட்டதும் அதை எடுத்து, மூடியைத் திறந்து, மெதுவாகக் குடித்து, மூடி வைப்பேன். அதற்குள் யாராவது ஒருவர் பேசத் தொடங்கிவிடுகிறார்.