கனவுக்குள் விழித்திருக்கும் பயிற்சி: அச்சத்தை நீக்கித் தொடங்கும் முறை

கனவு நடந்துகொண்டிருக்கும்போதே, "இது கனவு" என்று காண்பவர் அறிந்திருக்கும் நிலையைத் தெளிவுக் கனவு என்கிறோம். இது வெறும் கற்பனை அன்று என்பது 1975-ஆம் ஆண்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் கண்காணித்துக்கொண்டிருக்க, உறங்கிக்கொண்டிருந்த ஆலன் வொர்ஸ்லி என்பவர், முன்பே பேசிவைத்தபடி கனவுக்குள்ளிருந்து தம் கண்களை இடமும் வலமும் அசைத்துச் செய்தி அனுப்பினார். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜும் தனியே இதை நிறுவினார். கையையோ குரலையோ விட்டுக் கண்களை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கனவு மிகுந்து வரும் விரைவுக் கண்ணசைவு உறக்கத்தில் மூளைத்தண்டு உடல் தசைகளைத் தளர்த்திப் பூட்டிவிடுகிறது. கண்தசைகளும் மூச்சை இயக்கும் உதரவிதானமும் மட்டுமே அந்தப் பூட்டுக்குப் பெரிதும் தப்புகின்றன. கனவில் ஓடும்போது நாம் கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவிடாமல் காப்பது இந்தப் பூட்டுத்தான்.

பயிற்சியில் இறங்குமுன் இந்தப் பூட்டைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன். ஏனெனில் பூட்டு விலகுமுன்பே விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருந்தும் கைகால் அசையாமல், மார்பின் மேல் யாரோ ஏறி அமர்ந்திருப்பது போன்ற கலக்கம் உண்டாகும். நம் வீடுகளில் இதைப் பேய் அமுக்கியது என்பார்கள். மலேசியாவின் பினாங்கில் பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் இதையே "கெனா திண்டே" என்பார். மார்புத் தசைகள் தளர்ந்திருக்கும்போது வலிந்து ஆழமாக மூச்சிழுக்க முயல்வதால் பாரம் அழுத்துவதாகத் தோன்றுகிறது. கனவின் காட்சிகள் அறைக்குள் கலந்துவிடுவதால் நிழலுருவமும் காலடி ஓசையும் மெய்யெனத் தெரிகின்றன. இது பொதுவாகச் சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் தானே விலகிவிடும். அப்போது முழு உடலையும் உலுக்க முயலாமல், மூச்சை அதன் போக்கில் விட்டு, ஒரு கால்விரலை மட்டும் அசைப்பதில் மனத்தைச் செலுத்துங்கள். மல்லாந்து படுப்பதும், தூக்கக் குறைவும், நேரம் மாறி மாறி உறங்குவதும் இதை அதிகமாக்குகின்றன. ஆகவே பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கும் நம் பிள்ளைகள் இதைச் சொன்னால், மந்திரிப்பதற்கு முன் அவர்களுடைய தூக்க நேரத்தைச் சீர்செய்ய உதவுங்கள்.

உறக்கம் கண்ணைச் சுழற்றும் வேளையில் விழுவதுபோல் உடல் தூக்கிப்போடுவது, பெயர் சொல்லி அழைக்கும் குரல், தலைக்குள் வெடிச்சத்தம், உடல் மிதப்பது போன்ற அதிர்வு ஆகியவையும் பலருக்கு வருபவை, பெரும்பாலும் தீங்கற்றவை. ஆனால் பகலில் அடக்க முடியாத தூக்கம், சிரிக்கும்போது முழங்கால் தளர்வது, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, தூக்கத்தில் அடிப்பது உதைப்பது ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இல்லாதது மெய்போல் தோன்றும் மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் மருத்துவரைக் கேளாமல் இப்பயிற்சியைத் தொடங்கலாகாது.

பயிற்சியின் அடித்தளம் கனவுக் குறிப்பேடு. விழித்ததும் புரண்டு படுக்காமல், கைத்தொலைபேசியை எடுக்காமல், கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கி நினைவுகூர்ந்து எழுதுங்கள். பேசுகிற தமிழிலேயே எழுதினால் போதும். சில வாரங்களில், இறந்துபோன தாத்தா, பழைய பள்ளிக்கூடம், தவறவிட்ட பட்டர்வொர்த் பெரிப் படகு என்று உங்கள் கனவுகளில் திரும்பத் திரும்ப வருபவை புலப்படும். அவையே உங்களுக்குரிய அடையாளங்கள்.

அடுத்தது பகல் நேரச் சோதனை. ஜார்ஜ் டவுனில் ஒரு பெயர்ப்பலகையைப் படியுங்கள்; பார்வையைத் திருப்பி மீண்டும் படியுங்கள். கனவில் எழுத்து பெரும்பாலும் மாறிவிடும். வாயை மூடி, மூக்கை விரல்களால் அடைத்துக்கொண்டு மூச்சிழுத்துப் பார்ப்பது இன்னும் நம்பத்தக்கது. கனவாயின் மூச்சு தடையின்றி வரும். ஆனால் இதைக் கடமைக்காகச் செய்தால் பயனில்லை. "நான் இங்கே எப்படி வந்தேன், சற்றுமுன் எங்கிருந்தேன்?" என்று உண்மையாகவே ஐயுற்றுச் செய்ய வேண்டும், கனவுக்குள்ளும் தொடர்வது அந்த ஐயமே.

இவ்விரண்டும் பழகிய பின் இரவுப் பயிற்சிக்கு வரலாம். உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. கனவு மிகுந்த பகுதி பின்னிரவுச் சுற்றுகளில்தான் நீள்கிறது. எனவே பதினொரு மணிக்குப் படுப்பவர் நான்கு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் இருபது நிமிடம் அமர்ந்து, கடைசியாகக் கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவந்து, அதிலுள்ள அடையாளத்தைக் கண்டு "இது கனவு" என்று தாம் உணர்வதாக மனத்தில் பார்த்து, "அடுத்த முறை கனவு காணும்போது அது கனவென்று நினைவுகொள்வேன்" என்ற உறுதியோடு மீண்டும் படுக்க வேண்டும். லபெர்ஜ் வகுத்த முறை இது. பினாங்கில் ஆண்டு முழுவதும் ஏழு மணிக்குப் பிறகே சூரியன் உதிப்பதால், அந்த இரண்டாம் உறக்கத்துக்குப் போதிய இருட்டு கிடைக்கிறது. வாரத்தில் ஓர் இரவுக்கு மேல் இதைச் செய்யாதீர்கள். மறுநாள் விடுமுறையாக இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளும் ஷிப்ட் வேலை செய்பவர்களும் குறிப்பேட்டோடும் பகல் சோதனையோடும் நிறுத்திக்கொள்வதே நல்லது. பயிற்சி செய்யும் இரவில் படுக்குமுன் மாமாக் கடையில் தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) குடிப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

தெளிவு வந்த முதல் நொடியில் மகிழ்ச்சி பொங்கி விழித்துவிடுவது பலருக்கும் நேரும். உடனே பறக்க முயலாமல் உள்ளங்கைகளைத் தேய்த்து, சுவரைத் தொட்டு, தரையின் சொரசொரப்பைக் கவனித்தால் கனவு நிலைக்கும். பிறகு, "விழித்துவிட்டேன்" என்று தோன்றி, சொந்த அறையும் மின்விசிறியும் கண்ணுக்குத் தெரிந்தாலும், அதுவும் கனவாக இருக்கக்கூடும். போலி விழிப்பு என்னும் இந்த நிலை தெளிவுக் கனவு பழகுபவர்களுக்கு அடிக்கடி வரும். ஆகவே மூக்கை அடைத்து ஒருமுறை சோதித்த பிறகே குறிப்பேட்டைத் திறங்கள்.